மீதியைக் கொண்டு காலத்தை அளந்தவர்கள்

1825-ஆம் ஆண்டு சென்னையில் ஜான் வாரன் எழுதிய ‘காலசங்கலிதம்’ என்ற பெரிய நூல் அச்சானது. வாரன் சில ஆண்டுகள் மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர்; தென்னிந்தியர் காலத்தைக் கணிக்கும் முறைகளைத் திரட்டியவர். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் அவ்வாண்டு மே 31, ஜூன் 1-க்கு இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார். அவர் முன்னால் தாளும் எழுதுகோலும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, நகர்த்தி, எடுத்து, மீண்டும் பரப்பியே கணக்கை முடித்தார். வேண்டிய அட்டவணைகள் சொற்களாக மாற்றப்பட்டு அவர் மனப்பாடத்தில் இருந்தன. அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1801-இல், ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் இருபத்து நான்கு வயதான கார்ல் ஃபிரெடரிக் காஸ் எண்ணியல் குறித்த தம் லத்தீன் நூலை வெளியிட்டு, அதன் முதல் பக்கங்களிலேயே ஒருங்கிசைவு என்ற உறவுக்கு மூன்று கோடுகளாலான ஒரு குறியைக் கொடுத்திருந்தார். சோழி பரப்பியவருக்கும் காஸுக்கும் ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிய வழியே இல்லை. ஆயினும் இருவர் கையிலும் இருந்தது ஒரே கருத்தின் இரண்டு நிலைகள் என்றும், அந்தக் கருத்து வளர்ந்த இடம் பஞ்சாங்கத் தொழில்தான் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

ஒருங்கிசைவு என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 23-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2. 58-ஐ 7-ஆல் வகுத்தாலும் மீதி 2. ஆகவே 7-ஐ மட்டாக வைத்துப் பார்க்கும்போது 23-உம் 58-உம் ஒன்று. அவை சமமான எண்கள் ஆகிவிடவில்லை. 7 என்ற கண்ணாடி வழியே பார்க்கும்வரை அவற்றுக்குள் வேறுபாடு தெரியாது, அவ்வளவே. சமம் என்பதற்கும் இந்த உறவுக்கும் இருக்கும் ஒப்புமையைக் கருதியே தம் குறியை அமைத்ததாகக் காஸ் எழுதினார். கூட்டினாலும் பெருக்கினாலும் இந்த ஒப்புமை கெடாது என்பதே இதன் வலிமை. இன்று பத்தாம் வகுப்புப் பாடநூலில் மட்டு எண்கணிதம் படிக்கும் மாணவர்கள் கடிகாரத்தையும் கிழமையையும் உதாரணமாகப் படிக்கிறார்கள். கருத்தை விளக்க வசதியாக இருப்பதால் பின்னால் தேடிச் சேர்த்த உதாரணங்கள் என்று அவற்றை எண்ணிவிடலாகாது. வரலாற்றில் அவைதான் முன்னால் வந்தவை.

கிழமைகளின் வரிசையையே பாருங்கள். சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன் என்று மெதுவாக நகர்வதிலிருந்து விரைவாக நகர்வது வரை ஏழு கோள்களை அடுக்கி, ஒவ்வொரு ஓரைக்கும் ஒன்றாக முறைவைத்தால், நாளின் முதல் ஓரைக்கு உரிய கோளே அந்த நாளுக்கும் பெயராகிறது. ஒரு நாளுக்கு 24 ஓரை. 24-இல் மூன்று ஏழுகள் போக மீதி 3. எனவே ஞாயிறன்று சூரியனில் தொடங்கினால் மறுநாளின் முதல் ஓரை மூன்று இடம் தள்ளிச் சந்திரனுக்கு வரும், அதற்கடுத்த நாள் இன்னும் மூன்று தள்ளிச் செவ்வாய்க்கு. வானில் கோள்களின் வரிசை ஒன்றாகவும் வாரத்தில் அவற்றின் வரிசை வேறாகவும் இருப்பதற்கு 24-க்கும் 7-க்கும் இடையிலான இந்த மீதியே காரணம். அறுபது தமிழ் ஆண்டுப் பெயர்களும் அப்படித்தான். சித்திரையில் தொடங்கும் ஆண்டின் ஆங்கில எண்ணிலிருந்து 6-ஐக் கழித்து 60-ஆல் வகுத்தால் வரும் மீதி பெயரின் வரிசை எண்ணைக் கொடுக்கும்: 2024-க்கு 38, அதாவது குரோதி. ஆரியபட்டர் 499-இல் வகுத்த அளவின்படி சூரிய ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. ஆனால் ஆண்டு எந்தக் கிழமையில் எந்த நாழிகையில் பிறக்கிறது என்று பார்க்கும் பஞ்சாங்கக்காரர் 364-ஐத் தூக்கி எறிந்துவிட்டு, ஆண்டுக்கு 1 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை என்று மட்டுமே கூட்டிக்கொண்டு போனார். 364 என்பது முழு 52 வாரம். கிழமைக்கு அது பூஜ்யம்.

கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாட்களின் எண்ணிக்கைதான் இந்தத் தொழிலின் அடிக்கல். கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை, என்று அந்தத் தொடக்கம் குறிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் காலையில் அந்த எண்ணிக்கை 18,63,079. ஏழால் வகுத்தால் மீதி 1, வெள்ளிக்கு அடுத்தது சனி, அன்று சனிக்கிழமைதான். இது எளிது. நிலவைக் கணிப்பதுதான் கடினம், ஏனென்றால் நிலவு ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பூமிக்கு அருகே வரும்போது விரைகிறது, தொலைவில் தயங்குகிறது; மெதுவான நிலையிலிருந்து மீண்டும் மெதுவான நிலைக்கு வர ஏறக்குறைய 27.5546 நாள் ஆகிறது. இது முழு நாட்களாக இல்லாததால் சூரிய உதயத்தை வைத்து அட்டவணை போட முடியாது. ஆனால் இப்படி ஒன்பது சுற்று 248 நாளுக்கு மிக நெருங்கி வருகிறது. ஆகவே 248 நாளுக்கு, நாளுக்கு ஒரு வாக்கியமாக நிலவின் இருப்பைச் சொல்லும் 248 வாக்கியங்கள் இயற்றப்பட்டன. மரபு அவற்றை வரருசியின் பெயரில் வழங்குகிறது. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு என்ற கடபயாதி முறையில், பொருளுள்ள சொல்லாக ஒலிக்கும் ஒவ்வொரு வாக்கியமும் பாகையும் கலையுமாக விரியும். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே இதிலிருந்து வந்தது.

ஒன்பது சுற்றுக்கும் 248 நாளுக்கும் இடையே சுமார் 13 நிமிட வேறுபாடு உண்டு. 248-ஐயே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அது பெருகிப் பிழையாகும். எனவே மேலே இன்னொரு சுழற்சி வைக்கப்பட்டது: 110 சுற்றுக்கு 3,031 நாள், இதில் வேறுபாடு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்கும் மேலே 449 சுற்றுக்கு 12,372 நாள். இந்த எண்களுக்குள் ஓர் உறவு இருக்கிறது: நான்கு 3,031-உம் ஒரு 248-உம் சேர்ந்தால் 12,372. தமிழ்க் கணிதர்கள் 248-ஐத் ‘தேவரம்’ என்றும் 3,031-ஐக் ‘கலாநிலம்’ என்றும் அழைத்தார்கள். தேவர என்பதில் வடமொழி வரிசைப்படி எழுத்துகளின் மதிப்பு 8, 4, 2, அதை வலமிருந்து படித்தால் 248. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தமிழ்நாட்டுப் பகுதியில் எழுந்த ‘வாக்கியகரணம்’ இந்த முறையைத் தொகுத்துத் தருகிறது. ஆசிரியர் பெயர் தெரியாத அந்த நூலைக் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்து 1962-இல் சென்னையில் வெளியிட்டார்கள். கலிநாள் எண்ணிக்கையிலிருந்து முதலில் 16,00,984-ஐக் கழிக்க வேண்டும், அது கி.பி. 1282-ஐ ஒட்டி, சூரிய உதயத்தில் நிலவு தன் மெதுவான புள்ளியில் நின்ற ஒரு நாள். மிஞ்சியதை 12,372-ஆல் வகுத்து, அதன் மீதியை 3,031-ஆல் வகுத்து, அதன் மீதியை 248-ஆல் வகுக்க வேண்டும். கடைசி மீதிதான் எந்த வாக்கியத்தை எடுப்பது என்று சொல்லும். மேலே சொன்ன 2000 ஜனவரி முதல் நாளுக்கே செய்து பார்க்கலாம். கழித்தபின் 2,62,095. அதில் 12,372 இருபத்தொரு முறை போக 2,283. அதில் 3,031 போகாது. 248 ஒன்பது முறை போக மீதி 51. எனவே 51-ஆம் வாக்கியம். 51 நாள் என்றால் ஒரு முழுச் சுற்று போக இன்னும் 23.4 நாள், நிலவு பாதிச் சுற்றைத் தாண்டிப் பத்து நாள் ஆகப் போகிறது என்று பொருள். பாதிச் சுற்று என்பது பூமிக்கு மிக அருகில் வரும் இடம். நிலவு உண்மையில் 1999 டிசம்பர் 22 அன்று அந்த இடத்துக்கு வந்தது. ஏழு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு நாளிலிருந்து மூன்று வகுத்தல்களில் இந்த இடத்துக்கு வந்து சேர்வதை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை.

இந்த இடத்தில் கணிதம் கற்றவர் ஒருவர் நியாயமாகவே குறுக்கிடுவார். காஸின் ஒருங்கிசைவில் ஈவுக்கு வேலையில்லை, மீதி மட்டுமே பேசும். பஞ்சாங்கக்காரர் ஈவையும் பத்திரமாக வைத்துக்கொண்டாரே, அப்படியானால் இது வெறும் வகுத்தல்தானே என்று கேட்பார். உண்மைதான், ஈவும் வைக்கப்பட்டது. 248 நாள் கழித்து நிலவின் வேகம் பழைய நிலைக்கு வருமேயன்றி நிலவு பழைய இடத்துக்கு வராது; சுமார் 27 பாகை 44 கலை முன்னால் போயிருக்கும். எனவே ஒவ்வொரு ஈவையும் அந்தந்தச் சுழற்சிக்குரிய நகர்வால் பெருக்கி வாக்கியத்தோடு கூட்டினார்கள். இந்தப் பிரிப்பே கருத்து தெளிவாக இருந்ததற்குச் சான்று என்பது என் வாதம். வேகத்தைப் பொறுத்தவரை 51-ஆம் நாளும் 2,283-ஆம் நாளும் ஒன்று. இருப்பிடத்தைப் பொறுத்தவரை அவை வேறு. எதைப் பொறுத்து ஒன்று, எதைப் பொறுத்து வேறு என்று பிரித்து அறிந்தவரால்தான் ஒன்றுக்கு மீதியையும் மற்றதற்கு ஈவையும் ஒப்படைக்க முடியும். ஈவை முற்றாகக் கைவிட்ட தொழிலும் பக்கத்திலேயே இருந்தது. மயமதம் போன்ற சிற்ப நூல்களின் ஆயாதிக் கணக்கில், கட்டடத்தின் சுற்றளவை 3-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் வரும் மீதி யோனி. ஒற்றைப்படை யோனிகள் நல்லவை. 21 முழச் சுற்றளவுக்கும் 29 முழச் சுற்றளவுக்கும் யோனி 7-தான். நட்சத்திரம், கிழமை என்று பிற மீதிகளும் இதேபோல் எடுக்கப்படும். பெருக்கும் எண்ணும் வகுக்கும் எண்ணும் நூலுக்கு நூல் சற்று மாறும். அந்த மீதிகள் வீட்டுக்காரரின் வாழ்வை முடிவு செய்யும் என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் அளவில் வேறான இரண்டு கட்டடங்களை ஒரு நோக்கத்துக்காக ஒன்றாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் ஸ்தபதியின் முழக்கோல் வரை இறங்கியிருந்தது என்பதை மறுக்க முடியாது. திருமணப் பொருத்தம் பார்க்கையில் பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து எண்ணி ஒன்பதால் வகுப்பதும் இதே வகைதான்.

இன்னும் கடுமையான மறுப்பு வாரனிடமிருந்தே வருகிறது. தமக்குக் கணித்துக் காட்டியவர் வானியல் கோட்பாடுகளில் எதையும் அறியாதவர் என்று அவர் எழுதினார். விதியை மட்டும் அறிந்தவர் கருத்தை அறிந்தவர் ஆவாரா? ஆகமாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு தொழிலின் அறிவு அதைச் செய்யும் ஒவ்வொருவர் தலையிலும் முழுமையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எந்தத் தொழிலிலும் கிடையாது. இந்தத் தொழிலுக்கு விதிகளைக் கொடுத்த நூல்களைப் பார்க்க வேண்டும். ஆரியபட்டர் இரண்டே சுலோகங்களில் சுருக்கிச் சொன்ன குட்டக முறை, மீதிகளிலிருந்து முழு எண்ணைத் தேடும் முறை. முதலாம் பாஸ்கரர் 629-இல் அதற்கு எழுதிய உரையில் ஒரு கணக்கு வருகிறது: 8-ஆல் வகுத்தால் 5-உம், 9-ஆல் வகுத்தால் 4-உம், 7-ஆல் வகுத்தால் 1-உம் மிஞ்சும் எண் எது? விடை 85. இதைக் கணக்குப் புதிராக மட்டும் அவர்கள் வைத்திருக்கவில்லை. ஒரு கோளின் சுற்றில் முடிந்த பகுதி போக மிஞ்சியது இவ்வளவு என்று தெரிந்தால் கலியிலிருந்து கழிந்த நாட்கள் எத்தனை என்று பின்னோக்கிக் கண்டுபிடிப்பதே குட்டகத்தின் பெரும்பயனாக இருந்தது. 1150-ஐ ஒட்டி எழுந்த ‘லீலாவதி’யில் இரண்டாம் பாஸ்கரர் மேலும் இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்கிறார். ஒரு விடை கிடைத்தபின் வகுக்கும் எண்ணின் மடங்குகளை விரும்பிய அளவு கூட்டி எத்தனை விடைகள் வேண்டுமானாலும் பெறலாம் என்பது ஒன்று. மீதி 1 என்று கொண்டு ஒருமுறை விடை கண்டு வைத்துக்கொண்டால், வேறு எந்த மீதி வந்தாலும் அந்த விடையை அதனால் பெருக்கி, வகுக்கும் எண்ணை வேண்டிய தடவை கழித்துவிட்டால் போதும் என்பது மற்றொன்று; இதற்கு ஸ்திர குட்டகம் என்று பெயர். முதலாவது, ஒன்றுக்கொன்று ஒருங்கிசைந்த எண்களின் முழுக் கூட்டத்தையும் ஒரே விடையாகக் கொள்கிறது. இரண்டாவது, பெருக்கலில் ஒருங்கிசைவு கெடாது என்ற உண்மையின் மேல் முழு எடையையும் வைத்து நிற்கிறது. இவ்வளவையும் கருத்து இல்லாமல் செய்தார்கள் என்று சொல்வதற்கு மனம் ஒப்பவில்லை.

குறி இல்லாத இடத்தில் கருத்தும் இருந்திருக்காது என்று சொல்வோருக்குக் காஸின் சொந்த எழுத்தே விடை தருகிறது. 1801 நூலுக்கு முந்தைய ஆண்டு அவர் ஈஸ்டர் திருநாளின் தேதியைக் கண்டுபிடிக்க ஒரு விதியை வெளியிட்டார். ஈஸ்டர் கணக்கும் பஞ்சாங்கத் தொழிலே. ஐரோப்பிய மடாலயங்களில் பல நூற்றாண்டு அது தனி வித்தையாக வளர்ந்து, எட்டாம் நூற்றாண்டிலேயே பீட் பாதிரியாரின் பெரிய நூலைக் கண்டது. காஸின் விதியில் ஆண்டை 19-ஆல் வகு, 4-ஆல் வகு, 7-ஆல் வகு, மீதிகளை எடுத்துக்கொள் என்றுதான் இருக்கிறது. எண்ணியல் நூலின் பெரும்பகுதியை அதற்கு முன்பே எழுதி முடித்திருந்த மனிதர், தேதி கணிக்க வந்தபோது புதுச்சேரிக் கணிதர் பேசிய அதே மொழியில் பேசினார். குறி கையில் இருந்தும் அந்த வேலைக்கு அது தேவைப்படவில்லை. எண்ணியல் நூலுக்குள்ளும் பல மீதிகளிலிருந்து ஓர் எண்ணைத் தேடும் இடத்தில் அவர் எடுத்த உதாரணம் காலக்கணிதத்திலிருந்து வந்ததுதான்: 15, 19, 28 ஆண்டுச் சுழற்சிகள் மூன்றிலும் ஓர் ஆண்டின் இடம் தெரிந்தால், 7,980 ஆண்டு கொண்ட ஜூலியன் காலவட்டத்தில் அந்த ஆண்டு எது? அதற்கு அவர் தரும் பெருக்கெண்கள் 6,916, 4,200, 4,845. முதலாவது 15-ஆல் வகுத்தால் மட்டும் 1 மிஞ்சி மற்ற இரண்டாலும் மீதியின்றி வகுபடும். மற்றவையும் தத்தம் சுழற்சிக்கு அப்படியே. மீதி 1-க்கு விடை கண்டு பிறகு பெருக்கிக்கொள்ளும் ஸ்திர குட்டகத்தின் உத்தியும் இதுதான். காஸ் இந்தியாவிலிருந்து கற்றார் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று இல்லை. சீனத்தில் சுன்ட்சுவின் நூலில் 3, 5, 7 ஆகியவற்றால் வகுக்க முறையே 2, 3, 2 மிஞ்சும் எண்ணாக 23 வருகிறது. 1247-இல் சின் ஜியுஷாவ் அதைப் பொதுமுறையாக்கியபோதும் நாட்காட்டிக் கணக்கு அவர் கண்முன் இருந்தது. மூன்று நிலங்களிலும் ஒருவரைப் பாராமல் ஒருவர் இதே இடத்துக்கு வந்திருப்பது, கருத்தின் பிறப்பிடம் ஓர் இனமோ மொழியோ அல்ல, சுழற்சிகளைக் கணக்கில் வைத்தாக வேண்டிய ஒரு தொழில் என்பதையே காட்டுகிறது.

பஞ்சாங்கத் தொழிலிடம் இல்லாதது என்ன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மீதி என்பது அதற்கு எப்போதும் எதையோ அடைவதற்கான வழியாகவே இருந்தது. ஒரு பகா எண்ணால் வகுக்கும்போது வர்க்க எண்கள் எந்தெந்த மீதிகளைத் தரும், எவற்றைத் தரவே தராது என்ற கேள்வி எந்தக் கணிதரின் சோழிகளிலிருந்தும் எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இல்லை. காஸ் அந்தக் கேள்வியைக் கேட்டு, இருபடி மீதிகளின் தலைகீழ் விதியை நிறுவினார். நாள், கிழமை, கோள் எல்லாவற்றையும் அகற்றிவிட்டு உறவை மட்டும் தனியே நிறுத்திப் பார்த்தவருக்கே அந்தக் கேள்வி தெரியும். இது பெரிய தாண்டல். எல்லாம் முன்பே நம்மிடம் இருந்தது என்று பேசுவோர் இந்தத் தாண்டலைச் சிறுமைப்படுத்துகிறார்கள். அதனால் குட்டகம் கண்டவர்களுக்கும் பெருமை சேர்வதில்லை, அவர்கள் உண்மையில் செய்தது என்ன என்பது மறைந்துபோகிறது.

கடைசியாகத் துல்லியம். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜெந்தில் வெள்ளியின் கடப்பைக் காண 1769-இல் புதுச்சேரியில் காத்திருந்து, மேகத்தால் ஏமாந்தவர். அங்கே ஒரு தமிழர் அவருக்காகக் கணித்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவு உண்மையைவிட 41 நொடி மட்டுமே குறைவு. டோபியாஸ் மேயரின் ஐரோப்பிய அட்டவணை 68 நொடி அதிகம் காட்டியது. இந்தச் செய்தியை நம்மவர் அடிக்கடி பெருமையாக எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் 41 நொடி என்பது கிரகணம் நீடித்த நேரத்தின் பிழை, தொடங்கிய நேரத்தின் பிழை அன்று. வாரன் கண்ட 1825 கிரகணத்தில் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் விலகின. இரண்டு செய்திகளையும் சேர்த்தே வைக்க வேண்டும். இதைக் கொண்டு மீதிக் கணக்கே பிழையான முறை என்று முடிவு கட்டுவது தவறு. வகுத்தல் என்றும் பிழைக்காது. பிழை, சுழற்சிக்கு இத்தனை நாள் என்று ஒரு காலத்தில் நிர்ணயித்த எண்களில் இருக்கிறது. நூற்றாண்டுகள் போகப் போக அந்த எண்களுக்கும் வானத்துக்கும் இடைவெளி வளரும். சனியில் அந்த இடைவெளி இன்று வெளிப்படையாகவே தெரிகிறது: அண்மைச் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச்சில் நிகழ்ந்தது, வாக்கியப்படி நடக்கும் திருநள்ளாற்றுக் கோயிலுக்கோ அது 2026-க்குரியது. வாக்கியத்தைக் காப்பவர்கள் பழைய எண்களைத் தொடுவது மரபை மீறுவது என்கிறார்கள். மரபின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 683-இல் ஹரிதத்தர் பரகிதம் என்ற பெயரில் எண்களைத் திருத்தினார். வரருசியின் 248 வாக்கியங்கள் கலை வரை மட்டுமே சொல்ல, பதினான்காம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவர் விகலை வரை நுணுக்கிப் புதிய 248 வாக்கியங்களை இயற்றினார். கேரளத்து வடசேரிப் பரமேசுவரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களை நேரில் பார்த்துப் பார்த்து, பரகிதத்தின் எண்கள் வானத்தோடு ஒவ்வவில்லை என்று கண்டு, 1431-இல் திருக்கணித முறையை வகுத்தார். வகுத்து மீதி எடுக்கும் வழியை அவர்களில் யாரும் கைவிடவில்லை. எதனால் வகுக்க வேண்டும், எதைக் கூட்ட வேண்டும் என்பதை மட்டும் வானத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டார்கள்.